குற்றமும் அணியும்: ‘மாஃபியா 3’ ஒரு மதிப்பீடு

2016 அக்டோபர் 7 அன்று வெளியான ‘மாஃபியா 3’ வீடியோ கேமைப் பற்றிய விமர்சனங்களை ஒருசேரப் படித்தால், பாராட்டியவர்களும் குறை சொன்னவர்களும் பெரும்பாலும் ஒரே இரண்டு செய்திகளைத்தான் சொல்லியிருப்பது தெரியும். கதையும் கதைமாந்தர்களும் காலச்சித்திரமும் அபாரம். ஆனால் ஒரே வேலையை மீண்டும் மீண்டும் செய்ய வைக்கிறது. முதல் செய்திக்கு எடை கொடுத்தவர்கள் ஆட்டத்தை உயர்த்தினார்கள். இரண்டாவதற்கு எடை கொடுத்தவர்கள் தாழ்த்தினார்கள். மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக்கில் அதன் சராசரி நூற்றுக்கு 70-ஐ எட்டவில்லை. அதே ஆண்டு ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் சிறந்த கதைசொல்லலுக்கும், நாயகன் வேடமேற்ற அலெக்ஸ் ஹெர்னாண்டஸின் நடிப்புக்கும் பரிந்துரை கிடைத்தது. முதல் வாரத்தில் 45 லட்சம் பிரதிகள் கடைகளுக்குப் போயின. அதை வெளியிட்ட 2கே நிறுவனத்தின் வரலாற்றில் அதுவரை அவ்வளவு வேகமாக விற்ற ஆட்டம் வேறில்லை.

இந்த இழுபறியை ‘நல்ல கதை, மோசமான ஆட்டம்’ என்று இரண்டாக வெட்டி முடித்துவிடுவது எளிது. அந்த வெட்டு தவறான இடத்தில் விழுகிறது என்பதே என் வாதம். நம் இலக்கண மரபு ‘கூறியது கூறல்’ என்பதை நூலுக்குரிய பத்துக் குற்றங்களில் ஒன்றாக நன்னூலில் வைத்தது. அதே மரபு, வந்த சொல்லும் பொருளும் மீண்டும் வருவதைப் ‘பின்வருநிலை’ என்ற அணியாகத் தண்டியலங்காரத்தில் போற்றியது. திரும்ப வருவது குற்றமா அணியா என்பதை, அது எதைக் கூட்டிக்கொண்டு வருகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. ‘மாஃபியா 3’ இந்த இரண்டையும் ஒரே நகரத்துக்குள் வைத்திருக்கிறது. ஒன்று அதன் ஆகச் சிறந்த சாதனை. மற்றொன்று அதன் ஆகப் பெரிய பிழை.

கதை 1968-இல் நடக்கிறது. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட ஆண்டு. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த ஆண்டு. களம் நியூ போர்டோ என்னும் கற்பனை நகரம். நியூ ஆர்லியன்ஸின் சாயலில் சதுப்பு நிலமும் துறைமுகமும் பிரெஞ்சுக் குடியிருப்புமாகக் கட்டப்பட்டது. நாயகன் லிங்கன் க்ளே அனாதை இல்லத்தில் வளர்ந்த கலப்பின இளைஞன். கறுப்பினக் குழு ஒன்றின் தலைவர் சாமி ராபின்சன் அவனைப் பிள்ளையாக எடுத்து வளர்த்தவர். வியட்நாமிலிருந்து திரும்பும் லிங்கன், இத்தாலிய மாஃபியா தலைவன் சால் மார்கானோவுக்காக ஒரு வங்கிக் கொள்ளையை நடத்திக் கொடுக்கிறான். அன்றிரவே மார்கானோவின் ஆட்கள் சாமியின் குடும்பத்தைக் கொன்று, லிங்கனின் தலையிலும் சுட்டுவிட்டுப் போகிறார்கள். பிழைத்தெழுந்த லிங்கன் மார்கானோவின் சாம்ராஜ்யத்தைக் கல் கல்லாகப் பெயர்க்கிறான். இந்தக் கதை, பல ஆண்டுகளுக்குப் பின் எடுக்கப்பட்ட ஆவணப்படமாக விரிகிறது. லிங்கனைக் காப்பாற்றிய பாதிரியார் ஜேம்ஸ் முதியவராகக் கேமராவின் முன் அமர்ந்து, தான் நேசித்தவன் என்னவாக மாறினான் என்று சொல்லும் இடங்கள் இந்தக் கலைவடிவத்தில் அரிதாகக் கிடைக்கும் கனம் கொண்டவை.

ஆட்டம் தொடங்குமுன்பே அதை உருவாக்கிய ஹேங்கர் 13 ஸ்டுடியோ ஒரு குறிப்பை வைக்கிறது. அந்தக் காலத்து இனவெறியை மறைக்காமல் காட்டுகிறோம், மறைத்திருந்தால் அதை அனுபவித்தவர்களுக்கு அது அவமதிப்பாகியிருக்கும் என்பது அதன் சாரம். இது வெறும் முன்னெச்சரிக்கையாக நின்றுவிடவில்லை. நகரத்தின் இயக்கத்துக்குள்ளேயே போயிருக்கிறது. ஏழைக் கறுப்பின மக்கள் வாழும் டெல்ரே ஹாலோவில் ஒரு குற்றம் நடந்தால் போலீஸ் ஆற அமர வருகிறது. வெள்ளையர் மாளிகைகள் நிறைந்த ஃபிரிஸ்கோ ஃபீல்ட்ஸில் அதே குற்றத்துக்குச் சைரன் உடனே அலறுகிறது. சில கடைகளுக்குள் லிங்கன் காலெடுத்து வைத்தாலே வெளியே போகச் சொல்கிறார்கள். நின்றால் போலீஸை அழைக்கிறார்கள். இன அடிப்படையில் பொது இடங்களில் அனுமதி மறுப்பதைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டம் 1964-இலேயே வந்துவிட்டது. சட்டம் மாறி நான்கு ஆண்டுகள் ஆகியும் கடைவாசலில் பழைய வழக்கமே ஆள்வதை, ஒரு வசனமும் இல்லாமல் ஆட்டம் சொல்லிவிடுகிறது. லிங்கன் எந்தத் தப்பும் செய்யாமல் தெருவில் நடந்து போகும்போதும், பக்கத்தில் போலீஸ்காரர் இருந்தால் வரைபடத்தின் ஓரம் நீலமாக ஒளிர்கிறது.

இவை எல்லாமே திரும்பத் திரும்ப நடப்பவை. அந்த நீல ஒளியை ஆட்டம் முடிவதற்குள் நூற்றுக்கணக்கான முறை பார்த்துவிடுவோம். முதலில் அது ஒரு தகவல். போகப் போக அது கையைத் தானாகவே இயக்கத் தொடங்குகிறது: காரின் வேகத்தைக் குறைக்கிறோம், தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போகிறோம், போலீஸ்காரரின் பார்வையில் படாத வழியைத் தேடுகிறோம். குற்றம் செய்யாதபோதும் குற்றவாளியைப்போல நடக்கக் கற்றுக்கொள்கிறோம். ஒதுக்கப்படுதலின் கொடுமை ஒரு பெரிய சம்பவத்தில் மட்டும் இல்லை. நாள்தோறும் சிறிதாக நேர்வதில் இருக்கிறது. அதை ஒரு திரைப்படம் இரண்டு மணி நேரத்தில் காட்டித்தான் புரியவைக்க முடியும். நகரத்தில் விரும்பியபடி சுற்றவிடும் திறந்த உலக ஆட்டமோ அதைப் பழக்கமாகவே நமக்குள் ஏற்றுகிறது. இங்கே திரும்ப வருவது அணி. ஒவ்வொரு வரவும் முந்தைய வரவின் மேல் ஏறி நிற்கிறது.

அடுத்தது அந்த மற்றொன்று. மார்கானோவை நெருங்க வேண்டுமானால் நகரத்தின் வட்டாரங்களை ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும். வட்டாரத்துக்கு இரண்டு சட்டவிரோதத் தொழில்கள்: ஹெராயின், பாலியல் தொழில், கள்ளச் சாராயம், மிரட்டிப் பணம் பறித்தல் என்று பெயர்கள் மாறும். துப்புக் கொடுப்பவர் ஒருவரைச் சந்திக்கிறோம். தொழிலை நடத்துபவனுக்கு இவ்வளவு டாலர் நட்டம் என்று திரையில் ஒரு தொகை தோன்றுகிறது. அடியாட்களைக் கொன்று, சரக்கை உடைத்து, பணத்தை அள்ளி அந்தத் தொகையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் தொழிலின் முதலாளி வெளியே வருவான். பல நேரம், சற்று முன்பு நாமே காலி செய்த அதே கிடங்கில் அவன் உட்கார்ந்திருப்பான். மறுபடி அந்தக் கிடங்குக்குள் நுழைந்து, அவனைக் கொல்வதா நமக்கு வேலை செய்ய வைப்பதா என்று முடிவெடுக்கிறோம். அடுத்து இரண்டாவது தொழில். அதன்பின் வட்டாரத்தின் பெரிய தலை. அதன்பின் அடுத்த வட்டாரம்.

மற்ற பல திறந்த உலக ஆட்டங்களிலும் இத்தகைய வேலைகள் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் பக்கவாட்டில் இருக்கும். விரும்பாதவர் தாண்டிப் போகலாம். ‘மாஃபியா 3’ அவற்றை நடுச்சாலையில் போட்டிருக்கிறது. அடுத்த நல்ல காட்சியைப் பார்க்க இந்தச் சுங்கத்தைக் கட்டியே ஆக வேண்டும். அந்த நல்ல காட்சிகள் உண்மையிலேயே நல்லவை என்பது கசப்பைக் கூட்டுகிறது. கைவிடப்பட்ட பொழுதுபோக்குப் பூங்காவுக்குள் ரிச்சி டூசேயை வேட்டையாடிக் கடைசியில் அவன் உடலை ராட்சத ராட்டினத்தில் தொங்கவிடும் கட்டம், மார்கானோ குடும்பத்தவர் ஒருவரைத் தேடி ஆற்றுப் படகு விருந்துக்குள் புகும் கட்டம் ஆகியவற்றை வடிவமைத்த கைகளுக்குக் கற்பனைக் குறைவு இருந்திருக்க முடியாது. இடைப்பட்ட மணி நேரங்களுக்கு அந்தக் கற்பனை பங்கிடப்படவில்லை என்பதே குறை.

இன்னும் ஆழமான பிழை எதிரிகளின் அறிவில் இருக்கிறது. ஒரு சுவரின் மறைவில் நின்று லிங்கன் விசிலடித்தால் காவலாள் ஒருவன் தனியே வருவான், கத்தியால் முடித்துவிடலாம். மீண்டும் விசில்; அடுத்தவன் வருவான். முதல் வட்டாரத்தில் பலித்த இந்த உத்தி கடைசி வட்டாரத்திலும் அப்படியே பலிக்கிறது. நகரம் முழுக்க லிங்கனின் பெயரைக் கேட்டு நடுங்குவதாகக் கதை சொல்கிறது. ஆனால் காவலாட்களின் நடத்தையில் அந்த நடுக்கத்தின் சுவடே இல்லை. அவர்கள் எச்சரிக்கையாவதில்லை, ஜோடியாக நடப்பதில்லை, கூடுதல் ஆட்களைக் குவிப்பதுமில்லை. நாம் செய்தது எதையும் உலகம் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை என்றால், செய்தது மீண்டும் முதலிலிருந்து செய்ததாகவே ஆகிவிடும். கூறியது கூறல் என்னும் குற்றம் இங்கேதான் பிறக்கிறது.

இதற்கு ஆதரவாக ஒரு வாதம் சொல்லப்படுவதுண்டு. பழிவாங்குதல் என்பதே அலுப்பூட்டும் வேலை. லிங்கனின் மனம் மரத்துப்போவதை நாமும் உணரத்தான் இந்தச் சலிப்பு என்பார்கள். மதிப்போடு பரிசீலிக்க வேண்டிய வாதம் இது. பாதிரியார் ஜேம்ஸின் சாட்சியம் அதற்குக் கொஞ்சம் இடமும் தருகிறது. ஆனாலும் ஏற்க முடியவில்லை. சலிப்பைப் பொருளாக்க நினைக்கும் படைப்பு, அந்தச் சலிப்பை எங்கேனும் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். பத்தாவது கிடங்கில் லிங்கனின் கை தயங்க வேண்டும், அல்லது அவனது வன்முறையின் விலை வட்டாரத்தின் தெருக்களில் தெரிய வேண்டும். இங்கேயோ ஒவ்வொரு கிடங்குக்கும் அதே பணம், அதே உற்சாகமான அறிவிப்பு. வெகுமதியைக் கொடுத்து அடுத்த வேலைக்கு அனுப்பும் ஆட்டம், அந்த வேலையைக் கண்டு நாம் அருவருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதாகச் சொல்வது பொருந்தவில்லை.

அணிக்கும் குற்றத்துக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. இந்த ஆட்டம் எப்படி ஆகியிருக்கலாம் என்பதற்கு அதுவே சாட்சி. பிடித்த வட்டாரத்தை லிங்கன் தன் மூன்று கூட்டாளிகளில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டும்: ஹைத்தியர் குழுவின் காசாண்ட்ரா, ஐரிஷ்காரர் தாமஸ் பர்க், ‘மாஃபியா 2’-இன் நாயகனாக இருந்த விட்டோ ஸ்கலெட்டா. ஒவ்வொருவரும் தரும் உதவி வேறு. ஒருவருக்குக் கொடுத்தால் மற்ற இருவரின் முகம் சுருங்குகிறது. ஒருவரைத் தொடர்ந்து புறக்கணித்தால் அவர் பிரிந்து எதிரியாகிறார். லிங்கனே போய் அவரைக் கொல்ல வேண்டிவரும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பங்கு பிரிக்கும் இந்தக் காட்சியும் வட்டாரந்தோறும் திரும்பத்தான் வருகிறது. ஆனால் முந்தைய முடிவுகளின் கணக்கு அந்த மேசைமேல் இருப்பதால், ஒவ்வொரு முறையும் இறுக்கம் கூடுகிறது. அதே விதியைக் கிடங்குகளுக்கும் நீட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

அது அப்போதைய தொழில்நுட்பத்துக்கு எட்டாத கனவும் அல்ல. ‘மாஃபியா 3’-க்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2014-இல், மோனோலித் ஸ்டுடியோவின் ‘ஷாடோ ஆஃப் மோர்டோர்’ இதைச் செய்து காட்டியது. அதிலும் ஓர்க் என்னும் அரக்கர்களின் தளபதிகளைக் கொல்வதுதான் ஓயாத வேலை. ஆனால் நம்மைக் கொன்ற சாதாரண ஓர்க் பதவி உயர்வு பெறுவான். நம்மிடமிருந்து தப்பியவன் தழும்போடு திரும்பி வந்து பழைய சண்டையைச் சொல்லிக் காட்டுவான். வேலை ஒன்றுதான், நினைவு அதை வேறாக்கிவிட்டது. 2007-இல் வந்த முதல் ‘அசாஸின்ஸ் கிரீட்’ எதிர்ப்பக்கத்துச் சான்று. ஒட்டுக்கேட்டல், பைத்திருட்டு, அடித்து விசாரித்தல் என்று சிலவே ஆன வேலைகளை நகரத்துக்கு நகரம் நகலெடுத்ததற்காக அது கண்டிக்கப்பட்டது. 2009-இல் வந்த இரண்டாம் பாகம் அந்தக் கண்டனத்தைக் காதில் வாங்கிக்கொண்டு மிஷன்களைப் பலவிதமாக்கி மேலெழுந்தது. விமர்சனம் பயனில்லாத தொழில் அல்ல என்பதற்கும் அது சான்று.

அப்படியானால் ‘மாஃபியா 3’ ஏன் பழைய குழியில் விழுந்தது? ஹேங்கர் 13-க்கு அது முதல் ஆட்டம். செக் நாட்டில் உருவான முந்தைய இரண்டு பாகங்களும் நேர்கோட்டுக் கதைகள். நகரம் அவற்றில் பின்புலம் மட்டுமே. 2010-இல் வந்த இரண்டாம் பாகத்தின் நகரத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற குறை அப்போது பரவலாகச் சொல்லப்பட்டது. புதிய ஸ்டுடியோ அந்த வெறுமையை நிரப்பப் புறப்பட்டது, நிரப்பியது எண்ணிக்கையால். 60 டாலர் ஆட்டம் எத்தனை மணி நேரம் ஓடும் என்று வாங்குபவரும் விற்பவரும் கணக்குப் பார்க்கும் சந்தையில் இந்தச் சபலம் எப்போதும் காத்திருக்கும். கையால் செதுக்கிய ஒரு மிஷனுக்கு ஆகும் உழைப்பில் அச்சில் வார்த்த பல மிஷன்களைச் செய்துவிடலாம். கணினிப் பதிப்பு நொடிக்கு 30 ஃபிரேம்கள் என்ற கட்டுப்பாட்டோடு வந்ததும், பிழைகள் மலிந்திருந்ததும் முதல் நாட்களின் கோபத்தைக் கிளறின. ஆனால் அவை திருத்தங்களால் சரியாகக்கூடியவை. அமைப்பின் பிழை அப்படிச் சரியாகாது. 2017-இல் வந்த மூன்று துணைக் கதைகள், சிறிய அளவில் நெருக்கமாகக் கட்டப்பட்டதால், மூல ஆட்டத்தைவிடச் சலிப்புக் குறைந்தவையாக அமைந்தன.

விமர்சகர்களிடமும் ஒரு குறை சொல்ல வேண்டும். ‘ரிப்பிட்டிட்டிவ்’ என்ற ஒற்றைச் சொல்லை முத்திரையாகக் குத்திவிட்டு நகர்ந்தவர்கள் பலர். நகரத்தின் இனவெறிச் சித்திரிப்பைப் பாராட்டிய அதே கட்டுரைகளில், அந்தச் சித்திரிப்பு பலிப்பதே திரும்ப வருவதால்தான் என்ற கவனிப்பு அரிது. ஒன்றைக் கதையின் வெற்றி என்றும் மற்றொன்றை ஆட்டத்தின் தோல்வி என்றும் தனித்தனிப் பெட்டிகளில் போட்டதால், இரண்டுமே ஒரே கருவியின் இரண்டு பயன்பாடுகள் என்பது பார்வையிலிருந்து நழுவியது. அத்தகைய தீர்ப்பிலிருந்து படைப்பாளி எதைக் கற்றுக்கொள்வார்? திரும்பச் செய்வதைக் குறைக்க வேண்டும் என்பதை மட்டும்தான்.

இந்தத் தொடரின் பிந்தைய போக்கு அந்தத் திசையில்தான் இருக்கிறது. 2020-இல் முதல் பாகத்தை மறு ஆக்கம் செய்த ஹேங்கர் 13 நேர்கோட்டுக் கதைக்கே திரும்பியது. 2025 ஆகஸ்ட் 8 அன்று வந்த ‘மாஃபியா: தி ஓல்ட் கன்ட்ரி’ 1900-களின் சிசிலியில் அதே நேர்கோட்டில் நடக்கிறது. கிடங்குகள் போய்விட்டன, அதில் நிம்மதி உண்டு. ஆனால் அவற்றோடு சேர்ந்து இன்னொன்றும் போய்விட்டது. விரட்டும் கடையைத் தினமும் கடந்து போக வேண்டிய நகரம், ஒவ்வொரு தெருமுனையிலும் தன் நிறத்தை நினைத்துக்கொள்ள வைக்கும் நகரம், நேர்கோட்டுக் கதையில் அமையாது. அது நாள்கணக்கில் வாழ்ந்து பார்க்கும் இடத்தில்தான் அமையும். ‘மாஃபியா 3’ தந்த பாடத்தில் பாதியை மட்டும் படித்துவிட்டு மற்றதைத் தூக்கி எறிவது இந்தக் கலைவடிவத்துக்கு இழப்பு. இனித் திறந்த உலகம் கட்டுபவர்கள் ஒவ்வொரு மிஷனிடமும் கேட்க வேண்டியது, ‘நீ எத்தனையாவது முறை வருகிறாய்’ என்பதல்ல. ‘போன முறை நடந்ததில் எதை நினைவில் வைத்திருக்கிறாய்’ என்பதே.