அமெரிக்க நாடோடி இலக்கியமும் உண்மையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இலக்கியத்தில் 'ஹோபோ' என்னும் சொல் பலகாலும் பயில்கின்றது. இச்சொல்லின் பிறப்பு இன்னதென அறிஞர் எவரும் உறுதியாகக் கூறினாரல்லர். 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்நாட்டின் மேற்குப் பகுதியில் இது வழக்குப் பெற்றது. பிறப்பு விளங்காவிடினும் பொருள் தெளிவாக உள்ளது. வேலை தேடி ஊர்தோறும் செல்பவன் ஹோபோ. வேலை செய்ய விரும்பாது திரிபவன் 'டிராம்ப்'. திரிதலும் உழைத்தலுமின்றி ஓரிடத்தே கிடப்பவன் 'பம்'. இப்பாகுபாட்டை அவ்வாழ்க்கையில் உழன்றோரே வற்புறுத்தினர். எனவே ஹோபோ என்பான் முதற்கண் ஓர் உழைப்பாளி ஆவான். ஆயின், இலக்கியத்தின் வாயிலாக நம் உள்ளத்தில் பதிந்துள்ளவனோ, எக்கட்டும் இன்றிச் சரக்கு வண்டியில் ஏறி நாட்டைச் சுற்றும் உரிமையாளன். வரலாற்றில் உழைப்பாளியாக இருந்தவன் இலக்கியத்தில் உல்லாசப் பயணியாக மாறியது எங்ஙனம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வரலாற்றைக் காண்போம். கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் இருப்புப்பாதை 1869இல் யூட்டா பகுதியில் நிறைவெய்தியது. 1873இல் நேர்ந்த பொருளாதார வீழ்ச்சியால் வேலையிழந்தோர் பலர் அப்பாதைகள் வழியே பிழைப்பை நாடிப் புறப்பட்டனர். மேற்குப் பகுதியின் தொழில்களோ பருவத்தைச் சார்ந்தவை. கோதுமை அறுவடைக்குச் சில கிழமைகளே ஆள் வேண்டும். அதன் பின்னர்க் கனி பறித்தல், மரம் வெட்டுதல், குளிர்காலத்தில் பனிக்கட்டி அறுத்தல், பாதை அமைத்தல் என வேலை இடம் மாறிக்கொண்டே செல்லும். பயணச் சீட்டுக்குப் பொருளில்லாதவர் சரக்கு வண்டிகளில் ஒளிந்து சென்றனர். அறுவடைக் காலத்தில் அவர்களுடைய கைகளை வேண்டிய நாடே, வேலையற்றுத் திரிந்த குற்றத்திற்காக அவர்களைச் சிறையிலும் இட்டது. நியூ ஜெர்சி மாநிலம் 1876இல் நாடோடிகளுக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. பிற மாநிலங்கள் பலவும் அவ்வழியைப் பின்பற்றின. சிக்காகோவின் மேற்கு மேடிசன் தெருவில் வேலைத் தரகு நிலையங்களும் மலிவான விடுதிகளும் பெருகின. அங்குத் தங்கியோரை நேரில் கண்டு ஆராய்ந்த நெல்ஸ் ஆண்டர்சன் 1923இல் 'ஹோபோ' என்னும் நூலை வெளியிட்டார். அவர்தாமும் இளமையில் அவ்வாறு அலைந்து உழைத்தவர். அந்நூலில் நாம் காணும் ஹோபோ, இடம்பெயர்ந்து உழைக்கும் தொழிலாளியே.

இனி, இலக்கியத்திற்கு வருவோம். இத்துறையில் மிகுதியும் போற்றப்படுவது ஜாக் லண்டன் 1907இல் வெளியிட்ட 'தி ரோடு' என்னும் தன்வரலாற்று நூல். 1894இல், தம் பதினெட்டாம் வயதில், வேலையற்றோர் தலைநகர் நோக்கி நடத்திய பயணத்தில் கெல்லி என்பாரின் படையோடு அவர் சென்றார். பின்னர்ப் பிரிந்து திரிந்தபோது நயாகரா நீர்வீழ்ச்சியை அடுத்த நகரில் கைதாகி, முப்பது நாள் சிறைத் தண்டனை பெற்றார். நூலில் வண்டியைத் தாவிப் பிடிப்பதும், காவலரை ஏய்ப்பதும், சிறையின் கொடுமையும் விறுவிறுப்பாக அமைந்துள்ளன. உழைப்பிற்கோ மிகச் சிறிய இடமே கிடைத்துள்ளது.

நூலின் முதல் இயல் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. நெவாடாவில் ஒரு பெண்மணியிடம் இரண்டு மணி நேரம் தாம் இடையறாது பொய் கூறியதை லண்டன் அதில் ஒப்புக்கொள்கின்றார். பசித்தவன் வாயிலில் நிற்கின்றான், கதவு திறக்கின்றது, திறந்தவரின் முகத்தைக் கண்ட அந்நொடியிலேயே, அவர் உள்ளத்திற்கு ஏற்ற கதையைப் புனைந்தாக வேண்டும். கதை பொருந்தினால் உணவு, பொருந்தாவிடின் பசி. தம் எழுத்தாற்றலுக்கு இப்பயிற்சியே பெரிதும் காரணம் என்றும் அவர் கூறுகின்றார். இதனைத் திறனாய்வாளர் பலர் சுவையான செய்தியாகக் கொண்டு அமைவர். யான் இதனை நூல் முழுமைக்கும் உரிய எச்சரிக்கையாகவே கொள்வேன். கேட்போர்க்கேற்பக் கதை சொல்லும் திறமுடையவர், வாசகர்க்கேற்பவும் சொல்ல வல்லவர் அன்றோ? 1907இல் லண்டன் புகழ்பெற்ற எழுத்தாளர். அவர் நூலை வாங்கியோர் வீடும் வருவாயும் உடையோர். அவர்கள் விரும்பியது கட்டற்ற வாழ்வின் கனவு. பனிக்கட்டி அறுப்பவனின் கைவலியைக் கேட்க அவர்கள் கதவு திறக்கவில்லை.

இம்முறைக்கு நேர்மாறான நூலொன்றும் உண்டு. டாம் குரோமர் என்பார் 1935இல் வெளியிட்ட 'வெயிட்டிங் ஃபார் நத்திங்' பொருளாதாரப் பெருமந்தக் காலத்தைப் பற்றியது. சரக்கு வண்டிகளில் சிகரெட் சுற்றும் தாள்களிலும், சமய அறநிலையங்களில் கிடைத்த துண்டு வெளியீடுகளின் ஓரங்களிலும் இதன் பகுதிகளை எழுதியதாக ஆசிரியர் குறிப்பிடுகின்றார். நூல் தன்மையிடத்தில், நிகழ்காலத்தில் நடக்கின்றது. 'அன்று நான் அலைந்தேன்' என்று பின்னோக்கிப் பேசும் ஓய்வு இங்கு இல்லை. அடுத்த வேளை உணவும் அன்றிரவுப் படுக்கையுமே நிகழ்ச்சிகள். லண்டனின் இறந்தகால நடை, அலைந்தவன் கரையேறிவிட்டான் என்பதை வாசகர்க்கு முன்னரே உணர்த்திவிடுகின்றது. குரோமரின் நிகழ்கால நடை அவ்வாறுதலைத் தர மறுக்கின்றது. குரோமர் வேறு நாவல் எதனையும் முடித்து வெளியிட்டாரல்லர், நெடுங்காலம் மறக்கவும்பட்டார்.

வாசகரின் விருப்பம் எத்துணை வலிமையுடையது என்பதற்கு மற்றொரு நூல் சான்றாகும். 1937இல் 'சிஸ்டர் ஆஃப் தி ரோடு' என்னும் நூல், பாக்ஸ்கார் பெர்த்தா என்ற பெண்ணின் தன்வரலாறு என்னும் பெயரால் வெளிவந்தது. உண்மையில் அதனை எழுதியவர் சிக்காகோ மருத்துவர் பென் ரைட்மன். பெர்த்தா அவர் படைத்த புனைவு. ஆயினும் அவளை உண்மைப் பெண்ணாகவே பலரும் நெடுநாள் நம்பினர். அலைந்து திரிந்த பெண்கள் மெய்யாகவே இருந்தனர். அவர்களைத் தேடிக் கேட்பதைவிடப் புனைந்த பெண்ணை நம்புவது எளிதாயிற்று.

கதவு எல்லார்க்கும் ஒருபடித்தாகத் திறந்ததும் இல்லை. 1931 மார்ச்சில் அலபாமாவில் சரக்கு வண்டியொன்றில் சென்ற கறுப்பின இளைஞர் ஒன்பதின்மர், வெள்ளைப் பெண்டிர் இருவர் கூறிய பொய்க் குற்றச்சாட்டின் பேரில் கைதாயினர். அவருள் எண்மருக்கு முதல் விசாரணையில் மரணதண்டனை விதிக்கப்பட்டது. 1933இல் ரால்ஃப் எல்லிசன் டஸ்கீகி கல்லூரிக்கு ஓக்லஹோமாவினின்றும் சரக்கு வண்டிகளிலேயே சென்றார். அவ்வனுபவத்தினின்றும் பிறந்த சிறுகதைகளும் அடங்கிய தொகுதி, அவர் மறைந்தபின் 1996இல்தான் வெளிவந்தது. லண்டனுக்கு வீரச்செயலாய் அமைந்த அதே பயணம் எல்லிசனுக்கு உயிரச்சமாய் இருந்தது. ஹோபோவை அமெரிக்க உரிமை வேட்கையின் வடிவம் எனப் பொதுப்படக் கூறுவோர் இவ்வேறுபாட்டை எண்ணுவதில்லை.

இங்கு ஒரு தடை எழலாம். உரிமைக் கனவு பொய்யாயின், அதனால் பயன் ஒன்றும் இல்லையோ? உண்டு. 1972இல் ஜாக்சன்வில் நகரின் நாடோடிச் சட்டத்தை அமெரிக்க உச்சநீதிமன்றம் செல்லாதது என அறிவித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி வில்லியம் டக்ளஸ், நடத்தலும் அலைதலும் வாழ்வின் இயல்பான நலங்கள் என்பதற்கு வால்ட் விட்மன், வாச்சல் லிண்ட்சே, தோரோ ஆகியோரைத் துணைக்கழைத்தார். கவிஞர் கண்ட கனவு, சிறைக்கு அஞ்சித் திரிந்தோர்க்கு அரணாயிற்று. இப்பயனை யான் மறுக்கவில்லை. ஆயினும், அத்தீர்ப்பில் துணைநின்றோர் விரும்பி நடந்த பாவலரே என்பதையும் நோக்குக. வேறு வழியின்றி நடந்தவனின் குரல் அங்கும் ஒலிக்கவில்லை.

கனவை இலக்கியமாகச் சுவைத்தல் தகும். சான்றாகக் கொள்ளுதல் தகாது. தன்வரலாறு என்னும் பெயரால் வரும் எந்நூலையும், 'இக்கதை யாரிடம், எதைப் பெறுதற்பொருட்டுச் சொல்லப்பட்டது?' என்று வினவியபின்னரே ஆய்வாளர் மேற்கொள்ளுதல் வேண்டும். அறுவடை இயந்திரமும் மோட்டார் வண்டியும் பரவிய பின்னர்ப் பழைய ஹோபோ மறைந்தான். அவன் அறுத்த கோதுமை, வெட்டிய மரம், இட்ட இருப்புப்பாதை ஆகியவற்றைப் பற்றிய இலக்கியம் சிறிதளவே உள்ளது. அச்சிறிய பகுதியைத் தேடிப் பயிலுதல் இத்துறையில் புகும் மாணவர்க்கு முதற்கடமை ஆகும்.