மண்ணின் பெயரும் கொடியின் பெயரும்

பர்கண்டியிலிருந்து வரும் ஒயின் புட்டியின் லேபிளைக் கவனித்துப் பார்த்தால், அதில் பெரும்பாலும் திராட்சையின் பெயர் இருக்காது. ஊரின் பெயர் இருக்கும். ஊருக்குள் ஒரு தோட்டத்தின் பெயர் இருக்கும். செய்தவர் பெயரும் ஆண்டும் இருக்கும். சிவப்பு என்றால் பினோ நுவார், வெள்ளை என்றால் ஷார்தொனே என்பது குடிப்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். சொல்லப்பட வேண்டிய விஷயம் அல்ல. கலிஃபோர்னியாப் புட்டியில் இது தலைகீழ். ரகத்தின் பெயர் பெரிய எழுத்தில், இடம் அதற்குக் கீழே.

இது வெறும் வியாபார வழக்கத்தின் வித்தியாசம் அல்ல. இரண்டு லேபிள்களும் இரண்டு விமர்சனக் கொள்கைகள். மண்தான் பேசுகிறது, கொடி அதன் வாய் மட்டுமே என்பது முதலாவது. கொடிக்குத் தனக்கென்று ஒரு சுபாவம் உண்டு, எங்கே நட்டாலும் அது அதுவாகவே இருக்கும் என்பது இரண்டாவது. முதல் கொள்கைக்குப் பிரெஞ்சில் ‘தெர்வார்’ என்று ஒரு சொல். மண், சரிவு, வெயில், மழை, அங்கே வழிவழியாக வேலை செய்யும் கை - எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய சொல். நம் விமர்சனத்தில் இதற்கு நெருங்கிய உறவுள்ள சொல் மண்வாசனை. ஒரு நாவலில் நாலு வட்டாரச் சொற்களும் ஒரு கோயில் கொடையும் ஒரு பஞ்சமும் இருந்துவிட்டால் இந்த முத்திரையைக் குத்தித் தபாலில் சேர்த்துவிடுகிறோம். குத்தியபின் படைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை என்றாகிவிடுகிறது. பிரெஞ்சுக்காரர்களோ தங்கள் சொல்லை வைத்துக்கொண்டு நீண்ட காலம் சண்டை போட்டிருக்கிறார்கள். சில சமயம் ரத்தம் சிந்தியும். அந்தச் சண்டையைப் பார்த்தால் நம் சொல்லைச் சோதித்துக்கொள்ளலாம் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். ஒயினில் எனக்கு நிபுணத்துவம் கிடையாது. லேபிள் படிக்கத் தெரியும். விமர்சகனைப் பிடித்திருக்கும் நோயும் அதுதான்.

1395 ஜூலையில் பர்கண்டியின் பிரபு, துணிச்சல்காரன் என்று அடைமொழி பெற்ற ஃபிலிப், ஒரு கட்டளை பிறப்பித்தான். காமே என்ற ரகத்தைத் தன் பிரதேசத்திலிருந்து வெட்டி அப்புறப்படுத்த வேண்டும். பினோ பிடிவாதக்காரக் கொடி. குறைவாகக் காய்க்கும், குளிருக்கும் நோய்க்கும் சுருளும். காமே கொட்டிக் காய்க்கும். கொள்ளைநோய்க்குப் பின் வேலைக்கு ஆள் கிடைக்காத காலத்தில் அது சிறு குடியானவனுக்குச் சோறு போட்ட செடி. பிரபுவுக்கு வேண்டியிருந்தது பர்கண்டி என்ற பெயரின் மதிப்பு. கட்டளையில் அவன் அந்தச் செடிக்குக் கொடுத்த வசை யோசிக்க வைப்பது: விசுவாசமற்றது. ஒரு செடி யாருக்கு விசுவாசமாக இருக்க வேண்டும்? மண்ணுக்கா, மண்ணின் சொந்தக்காரனுக்கா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் மண்வாசனை என்ற சொல்லை உச்சரிப்பது அறியாமை, அல்லது தந்திரம்.

அறுநூறு ஆண்டு கழித்து, 1999இல், மரபணுச் சோதனை ஒன்றின் முடிவு வெளியாயிற்று. வடகிழக்கு பிரான்ஸின் பதினாறு ரகங்கள் ஒரே ஜோடிக்குப் பிறந்த பிள்ளைகள். ஜோடியில் ஒன்று பினோ. மற்றது குவே ப்ளாங் - மட்டம் என்று எல்லோரும் ஒதுக்கிய, குடியானவர்கள் தங்கள் தாகத்துக்கு வளர்த்த, பல இடங்களில் தடைசெய்யப்பட்ட வெள்ளைத் திராட்சை. அந்தப் பிள்ளைகளில் ஒன்று ஷார்தொனே; பர்கண்டியின் மகுடம். இன்னொன்று காமே, விசுவாசமற்றது என்று விரட்டப்பட்டது. சிம்மாசனத்தில் இருப்பதும் நாடு கடத்தப்பட்டதும் கூடப் பிறந்தவை. மூன்றாவது பிள்ளை மெலோன். 1709இன் கடுங்குளிருக்குப்பின் லுவார் நதி கடலில் சேரும் நான்த் நகரப் பக்கம் பரவி, இன்று மஸ்கதே என்ற ஒயினாக அறியப்படுகிறது. அதன் முழுப்பெயர் இன்றும் ‘பர்கண்டி மெலோன்’தான். ஊரை விட்டுப் போனவன் ஊர்ப் பெயரை இனிஷியலாக வைத்துக்கொண்டிருப்பது மாதிரி.

மற்ற குலப்பெருமைகளும் இப்படித்தான். போர்தோவின் ராஜா என்று சொல்லப்படும் கபெர்னே ஸோவீன்யோன், சிவப்பான கபெர்னே ஃப்ராங்குக்கும் வெள்ளையான ஸோவீன்யோனுக்கும் பிறந்த கலப்பு என்று 1997இல் தெரிந்தது. ரோன் நதியோரத்து ஸிராவைப் பாரசீகத்து ஷிராஸிலிருந்து சிலுவைப்போர் வீரன் ஒருவன் கொண்டுவந்தான் என்று ஒரு கதை. சோதனையில் அதன் தாயும் தகப்பனும் தென்கிழக்கு பிரான்ஸிலேயே வளர்ந்த, யாரும் பொருட்படுத்தாத இரண்டு ரகங்கள். தூய வம்சம் என்று தேடிப்போனால் தோட்டத்து வேலியோரக் கலப்பு வந்து நிற்கிறது. உயர்ந்த வம்சக் கதை வேண்டாத இடத்தில் உண்மை உள்ளூரிலேயே கிடைக்கிறது.

ரகத்தை விடுவோம், வேராவது சொந்தமா? 1860களில் ஃபிலொக்ஸெரா என்ற நுண்ணிய பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்த கொடிகளோடு பிரான்ஸில் இறங்கி, வேரை உறிஞ்சிக் கொடிகளைக் கொன்றுகொண்டே போயிற்று. 1868இல் ப்ளான்ஷோன் என்ற மோன்பெலியே தாவரவியலாளரும் அவர் கூட்டாளிகளும் அந்தப் பூச்சியை வேரில் கண்டார்கள். தோட்டத்தை வெள்ளத்தில் மூழ்கடித்தார்கள். மண்ணுக்குள் ரசாயனம் செலுத்தினார்கள். கடைசியில் நின்ற வழி ஒன்றுதான்: பூச்சியோடு வாழப் பழகிய அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டுவது. பர்கண்டியில் 1887 வரை அமெரிக்கக் கொடிகளுக்கு அனுமதி இல்லை. மண்ணின் சுத்தம் கெட்டுவிடும் என்ற பயம். அங்கேயே ரொமானே-கோந்தி என்ற மிகப் புகழ்பெற்ற தோட்டம் ஒட்டுக் கட்டாத தன் பழைய கொடிகளை 1945 வரை காப்பாற்றிப் பார்த்தது. பிறகு அதுவும் பிடுங்கி ஒட்டுச் செடி நட்டது. இன்று பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்கள், சில துண்டு நிலங்கள் நீங்கலாக, அந்நிய வேரின் மேல் நிற்கின்றன. மண்ணைத் தொடும் பாகம்தான் அந்த மண்ணுக்குச் சொந்தமில்லாதது. ‘வேர்களைத் தேடி’ என்று தலைப்பு வைக்கும் நம் கட்டுரையாளர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

இடத்தின் பெயரும் இயற்கை கொடுத்தது அல்ல, எழுதப்பட்டது. ஷாம்பேன் எது என்று 1908இல் அரசு எல்லை வகுத்தபோது தெற்கே உள்ள ஓப் பகுதி விடுபட்டது. ஷாம்பேனின் பழைய தலைநகரான த்ருவா ஓபில்தான் இருக்கிறது. 1911இல் இரண்டு பக்கமும் கொந்தளித்தது. மார்ன் பகுதி விவசாயிகள், வெளித் திராட்சையை வாங்கி ஷாம்பேன் என்று விற்ற வியாபாரிகளின் கிடங்குகளைக் கொளுத்தினார்கள். ராணுவம் வந்தது. ஓப் ‘இரண்டாம் மண்டலம்’ ஆயிற்று. 1927இல்தான் முழு ஷாம்பேன் ஆயிற்று. அந்த வருஷம் மண் மாறிவிடவில்லை. சட்டம் மாறிற்று. 1935இல் இத்தகைய பெயர்களைக் காக்க ஒரு தேசியக் குழு அமைந்து, எந்த எல்லைக்குள் எந்த ரகம், எவ்வளவு விளைச்சல் என்று விதிகள் வந்தன. இடம், ரகம், அளவு மூன்றும் சேர்ந்தால்தான் பெயர். இதைக் கபடம் என்று நான் சொல்லவில்லை. பெயரைப் போலியிடமிருந்து காப்பாற்றச் சிறு விவசாயிக்கும் இதுதான் ஆயுதம். ஆனால் சட்டத்தின் குரலை மண்ணின் குரல் என்று நம்பிக் கண்ணீர் விடுவது வேறு விஷயம்.

பெயர் எதை மறைக்கிறது என்பதை ரோலான் பார்த் 1957இல் தொகுத்த தன் கட்டுரைகளில் தொட்டிருக்கிறார். ஒயினைப் பிரெஞ்சு தேசத்தின் குலச்சின்னம் என்று விவரித்துக்கொண்டே போகிறவர், முடிக்கும்போது அல்ஜீரியாவை நினைவுபடுத்துகிறார்: ரொட்டிக்கு இல்லாத முஸ்லிம் குடியானவனின் நிலத்தில், அவனுக்கு உதவாத திராட்சையைக் குடியேறியவர்கள் வளர்த்தார்கள். 1962இல் அல்ஜீரியா விடுதலை பெறும்வரை அந்த ஒயின் கப்பல் கப்பலாக பிரான்ஸுக்கு வந்து, சோகையான தெற்கத்தி ஒயினுக்கு நிறமும் வலுவும் கொடுத்தது. அந்த மண்ணின் வாசனைக்கு லேபிளில் இடமில்லை.

இதையெல்லாம் அடுக்கிவிட்டு, ஆகவே தெர்வார் பொய், மண்வாசனை மோசடி என்று முடித்துவிட்டால் கட்டுரை சுலபமாக இருக்கும். கட்டுடைப்பதில் ஒரு மமதை இருக்கிறது. அதற்குச் சாதகமான சாட்சியங்களும் உண்டு. 2001இல் வெளியான போர்தோ ஆய்வு ஒன்றில், ஒயின் கலை பயின்ற 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கென்று வைத்திருக்கும் வார்த்தைகளாலேயே அவர்கள் அதை வர்ணித்தார்கள். 1976 மே 24 அன்று பாரிஸில் புட்டியை மறைத்து ருசி பார்த்தபோது ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள் சிவப்பிலும் வெள்ளையிலும் முதலிடத்தைக் கலிஃபோர்னியாவுக்குக் கொடுத்துவிட்டுத் திகைத்தார்கள். போர்தோவில் ஏறக்குறைய அழிந்துபோன கர்மெனேர் என்ற ரகம், சிலேயில் மெர்லோ என்ற பெயரில் நெடுங்காலம் வளர்ந்து, குடிக்கப்பட்டு, 1994இல்தான் அடையாளம் காணப்பட்டது. நாக்கு கண்ணுக்கு அடிமை, பெயருக்கு அடிமை.

ஆனால் அடிமை என்பதால் நாக்கே இல்லை என்றாகாது. ஷாப்லியிலும் மெர்ஸோவிலும் ஒரே ஷார்தொனேதான். ஷாப்லி வடக்கே, குளிரில், கடல் சிப்பிப் படிமங்கள் நிறைந்த சுண்ணாம்பு மண்ணில் ஒடுங்கிக் கூர்மையாக இருக்கிறது. மெர்ஸோ தெற்கே அகலமாக, கொழுப்பாக இருக்கிறது. போர்தோவின் ஜிரோந்து முகத்துவாரத்துக்கு இடது கரையில் சரளைக்கல் சூட்டில் கபெர்னே பழுக்கிறது. வலப்பக்கம் பொமெரோலின் குளிர்ந்த களிமண்ணில் மெர்லோதான் தேறுகிறது. விரட்டப்பட்ட காமே, தெற்கே பொஜொலேயின் கருங்கல் மண்ணில் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பர்கண்டியின் சுண்ணாம்புச் சரிவில் அது மட்டமாக இருந்தது உண்மையாகவே இருக்கலாம். ஃபிலிப்பின் நாக்கு பொய் சொல்லவில்லை. அவன் வசைதான் பொய். ‘இந்தச் சரிவில் இது சரிப்படவில்லை’ என்ற ரஸனைத் தீர்ப்பை, ‘இது குலத்தில் கெட்டது’ என்று மொழிபெயர்த்தான். விமர்சனம் கெட்டுப்போகும் இடம் எப்போதும் இந்த மொழிபெயர்ப்புதான்.

மண் எப்படி ஒயினுக்குள் வருகிறது என்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது. சுண்ணாம்பின் ருசி, கல்லின் ருசி என்று பேசுகிறார்கள். நிலவியலாளர்கள் இதை ஏற்பதில்லை. பாறை கரைந்து பழத்துக்குள் ஏறுவதில்லை. மண் செய்வது வேறு: தண்ணீரை எவ்வளவு பிடித்துவைக்கிறது, எவ்வளவு விடுகிறது, சூட்டை எப்படி வைத்துக்கொள்கிறது. கொடிக்கு வரும் நெருக்கடியைத்தான் மண் தீர்மானிக்கிறது. மண் உள்ளடக்கமாக வருவதில்லை, கட்டாயமாக வருகிறது. நம் வட்டார நாவலைப் பற்றி உருப்படியாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இங்கிருந்து தொடங்கலாம். வட்டாரச் சொல் பாறைத் துணுக்கு. வேண்டிய மட்டும் தூவலாம். அந்த மண் அந்த வாக்கியத்தை எப்படி நெருக்கியது, எங்கே தண்ணீர் காட்டாமல் வைத்தது என்பதல்லவா கேள்வி?

இன்னொன்று. மண்ணின் வித்தியாசம் தானாகத் தெரிந்துவிடவில்லை. 1098இல் தோன்றிய ஸீத்தோ மடத்தின் துறவிகள் பர்கண்டிச் சரிவில் தலைமுறைகளாக வேலை செய்தார்கள். ரகத்தை மாற்றாமல், முறையை மாற்றாமல் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் இடத்துக்கு இடம் மாறுவது என்ன என்பது புலப்படும். மண்வாசனை பிறப்பில் கிடைக்கும் சொத்து அல்ல. நீண்ட கவனிப்பில் அடைவது. அடைந்ததையும் பெயர் மூடிவிடும். அந்தத் துறவிகள் மதில் எழுப்பிய வூஷோ தோட்டம் சுமார் 50 ஹெக்டேர். புரட்சியில் பறிமுதலாகிக் கைமாறி, இன்று ஏறக்குறைய எண்பது பேருக்குச் சொந்தம். மேட்டில் விளைவதும் அடிவாரத்தில் தண்ணீர் தேங்குமிடத்தில் விளைவதும் ஒன்றல்ல. லேபிளில் எல்லாம் ஒரே பெயர், ஒரே உயர்ந்த தரம்.

2021இல் போர்தோவில் ஆறு புதிய ரகங்களுக்குச் சோதனை அனுமதி கிடைத்தது. வெப்பம் ஏறுகிறது, மெர்லோ சீக்கிரமே பழுத்துவிடுகிறது. அந்த ஆறில் ஒன்று போர்ச்சுகலின் தோரிகா நாஸியோனல். பத்து சதவீதத்துக்கு மேல் கலக்கக் கூடாது. லேபிளில் அந்தப் பெயர் வரவும் கூடாது. போர்தோ போர்தோவாகவே இருக்க, போர்தோ அல்லாத ஒன்று உள்ளே பெயரில்லாமல் வந்து வேலை செய்யப்போகிறது. குவே செய்ததும் இதுதான், அமெரிக்க வேர் செய்ததும் இதுதான்.

லேபிளைக் கிழித்து எறியச் சொல்லவில்லை. அதைப் படிப்பதற்கு முன் ஒரு வாய் குடித்துப் பார்த்திருக்க வேண்டும் என்கிறேன். குடித்தபின் அதைப் படிக்கும்போது, எந்தப் பெயர் அதில் இல்லை என்றும் பார்க்க வேண்டும்.