ஊசி முனையில் வரும் புரதங்கள்

கழுத்தில் எழும் தைராய்டுக் கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவை என்பது வைத்திய சாஸ்திரம் நெடுங்காலமாக அறிந்த விஷயமேயாயினும், எது சாது, எது புற்று என்பதைக் கத்தி வைக்காமலே நிச்சயித்துச் சொல்வது இன்றும் எளிதன்று. மெல்லிய ஊசியால் உறிஞ்சிய ஜீவாணுக்களை நுண்ணோக்கியில் பரிசீலித்து, பெதெஸ்டா முறையின் ஆறு வகுப்புகளுள் ஒன்றில் சேர்க்கிறார்கள். அவற்றுள் மூன்றாவதும் நான்காவதும், உண்மையைச் சொன்னால், சந்தேகத்துக்கு இட்ட கௌரவமான பெயர்களே. அந்தச் சந்தேகத்தின் பேரில் பாதிச் சுரப்பியைப் பறிகொடுத்த பிறகு, கட்டி நிரபராதி என்று தெரிந்துகொள்வோர் பலர்.

சீனத்து ஹாங்ஜோவிலுள்ள வெஸ்ட்லேக் பல்கலைக்கழகத்தாரும் சிங்கப்பூர் வைத்தியர்களும் சேர்ந்து 2022-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, இந்த இக்கட்டுக்கு ஒரு பரிகாரம் தேடியது. மெழுகில் பதித்துச் சேமித்திருந்த 1,724 திசு மாதிரிகளின் புரதங்களை அளந்து, செயற்கை நுண்ணறிவின் துணையால் 19 புரதங்களைப் பொறுக்கி, அவற்றின் ஏற்றத்தாழ்வைக் கொண்டே கட்டியின் சுபாவத்தைக் கணித்தார்கள். கடுகளவு மாதிரியே போதும் என்பதும், விடையை மறைத்துவைத்துப் பன்னிரண்டு வைத்திய நிலையங்களின் மாதிரிகளில் சோதித்தார்கள் என்பதும் மெச்சத்தக்கவை.

ஆனால் எண்கள் இறங்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். கற்ற மாதிரிகளில் 91 சதவீதத்துக்கு மேலிருந்த துல்லியம், வேறு 288 கட்டிகளின் பழைய திசுக்களில் 89 ஆகி, 294 ஊசி மாதிரிகளில் 85 ஆயிற்று. ஊசியில் வருவது அற்பம். அதிலும் ரத்தம் கலந்திருக்கும். அன்றியும், சந்தேகமற்ற கட்டிகளையும் சேர்த்துக் கணக்கிடும் சராசரியைவிட, மூன்றாம் நான்காம் வகுப்புகளில் மட்டும் கிடைக்கும் துல்லியமே நோயாளிக்குப் பிரயோஜனமானது.

இதனினும் ஆழமான குறை ஒன்றுண்டு. ஃபாலிக்குலர் வகைக் கட்டி தன் உறையையோ ரத்தக் குழாயையோ ஊடுருவியதா என்பதே அதைப் புற்றென்று தீர்மானிக்கும் லட்சணமாதலின், உறையைக் கொண்டுவராத ஊசி அதனை நேரில் காட்டாது. புரதங்கள் அனுமானமாகவே சொல்ல முடியும். கணினிக்கு ஆசானாக நின்றதும் நோய்க்குறியியலாளர் இட்ட பெயரே. அந்தப் பெயரும் நிலையானதன்று: 2016-இல் அவர்களே ஒருவகைக் கட்டியைப் புற்று வரிசையிலிருந்து விலக்கினார்கள்.

தென் கொரியாவில் தைராய்டுப் புற்று கண்டறியப்படும் விகிதம் 1993-இலிருந்து 2011-க்குள் பதினைந்து மடங்கானபோதும் மரண விகிதம் அசையவில்லை. ஆகவே, புற்றை இன்னும் திறமையாகக் கண்டுபிடிப்பதைக் காட்டிலும், சத்திரசிகிச்சை வேண்டாதவரைத் தைரியமாக வீட்டுக்கு அனுப்புவதே இச்சோதனையின் முதற்கடமை என்பது என் அபிப்பிராயம். அவ்வாறு அனுப்பப்பட்டவர்களை ஆண்டுக்கணக்கில் ஸ்கேன் செய்து தொடர்ந்து கவனித்த பின்னரே அதன் மதிப்பு நிர்ணயமாகும்.