ஒரு சொட்டுத் தெப்பக்குளம்

சென்னையில் வெயில், கடும்வெயில், கத்திரி வெயில் என்று மூன்றே பருவம்தான் என்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. அவர்களை மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்கு இழுத்துப்போய், ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு, அதில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் காட்டினால் அப்புறம் வாயே திறக்கமாட்டார்கள். அடடா, அதற்குள் எத்தனை கூட்டம்! அதுவும் மாதத்துக்கு மாதம் ஆள் மாறும் கூட்டம். அறுபத்துமூவர் அன்று மாடவீதியில் திரளும் ஜனத்தைக் கண்டு மலைப்பவர்கள் குளத்துக்குள் திரண்டிருப்பதைப் பார்த்ததேயில்லை.

பாடப்புத்தகத்தில் இவை விலங்கு மிதவை உயிரிகள். கொளத்தூர் வண்ணமீன்காரர்களுக்கு மொய்னா, டாப்னியா, சைக்ளாப்ஸ். மீன்குஞ்சுக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது. குளிர்நாட்டு ஏரிகளில் இவற்றின் ஏற்ற இறக்கத்தைத் தீர்மானிப்பது குளிரும் பனிக்கட்டியும். நம் குளம் மார்கழியிலும் அவ்வளவாகக் குளிர்வதில்லை. இங்கே எல்லாம் மழையின் கையில். தண்ணீர் எவ்வளவு ஏறியது, எவ்வளவு வற்றியது, தெருவிலிருந்து எதையெல்லாம் அடித்துக்கொண்டு வந்தது என்பதைப் பொறுத்து உள்ளே ஆட்சி மாறும்.

வடகிழக்குப் பருவமழை இறங்கும் ஐப்பசிதான் எனக்கு நிஜமான தீபாவளி. முதல் பெருமழையில் குளம் கலங்கும். இருந்த கூட்டமும் நீர்த்துப்போய், வலையில் ஏறக்குறைய ஒன்றுமே சிக்காது. ஆனால் சேற்றில் உறங்கும் முட்டைகள் இருக்கின்றனவே! வறட்சிக்கு முன்பே தடித்த ஓட்டோடு இட்டுவைத்தவை. அவற்றிலிருந்து முந்திக்கொண்டு கிளம்புபவை ரோட்டிஃபர்கள். தலையைச் சுற்றி மயிரிழை வளையம். அது துடிப்பதைப் பார்த்தால் சக்கரம் சுழல்கிறது என்றே சத்தியம் செய்வீர்கள். பெரும்பாலும் எல்லாமே பெண்கள். ஆணே இல்லாமல் பெண் பெண்ணைப் பெற்று, சில நாட்களில் குளத்தை நிறைத்துவிடுவார்கள். காலம் கெடும் அறிகுறி தெரிந்தால்தான் ஆண்கள் பிறப்பார்கள். அந்தப் பாவங்களுக்கு உண்ணக் குடல்கூட ஒழுங்காகக் கிடையாது. கூடிவிட்டுப் போய்ச்சேர வேண்டியதுதான். அந்தக் கூடலில் வருவதே தடித்த ஓட்டு முட்டை.

இவர்களில் என் செல்லம் பிராகியோனஸ். ஆஸ்பிளாங்னா என்று ஒரு பெரிய ரோட்டிஃபர் உண்டு. உடம்பு முழுக்கக் கண்ணாடிப் பை. பிராகியோனஸை அப்படியே விழுங்கிவிடும். அது குளத்தில் பெருகும்போது அதன் வாடை நீரில் கரைகிறது. அந்த வாடை பட்ட தாய்க்கு நீண்ட முள்ளோடு பிள்ளை பிறக்கிறது, விழுங்கவே முடியாதபடி. தாய்க்கு அந்த முள் இல்லை! ஒரே தலைமுறையில் கவசம்! முள்ளில்லாத தாயும் முள் முளைத்த மகளும் ஒரே சொட்டில் நீந்துவதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

தைப்பூசத்தையொட்டி மூன்று நாள் தெப்பம் சுற்றும். எல்லோரும் விளக்கு அலங்காரத்தைப் பார்ப்பார்கள், நான் தண்ணீரைப் பார்ப்பேன். தெளிந்த நீரில் பாசி துளிர்த்திருக்கும். அதைச் சலித்துத் தின்ன மொய்னா பெருகியிருக்கும். ஆக்சிஜன் குறைந்த மூலையில் அகப்பட்டவை ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொண்டு சிவந்தே போகும். சைக்ளாப்ஸ் வகையறா நிதானம். பதினொரு முறை சட்டை உரித்தால்தான் முதிர்ச்சி.

சித்திரையில் நீர் இறங்கிப் பச்சைக்குழம்பாகும். மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப்பாசி பிசினோடு கட்டிகட்டியாய்ச் சேர்ந்துகொள்வதால் மொய்னாவின் சல்லடை அடைத்துக்கொள்ளும். மறுபடி சின்ன ரோட்டிஃபர்களின் ராஜ்ஜியம். கெராடெல்லா ட்ராபிகா என்ற அழகியை அப்போது தேடுங்கள். பின்பக்கத்தில் வலது முள் மட்டும் நீண்டிருக்கும். இந்தப் பாசி நிரந்தரமாகவே பூத்திருந்த ஒரு கோயில் குளத்தைப் பற்றி எஸ்.வி. கணபதி 1940லேயே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதிவிட்டார்.

தி.நகர்க்காரர்கள் வருத்தப்பட வேண்டாம். உங்கள் பேட்டையே 1920களில் நீண்ட ஏரியைத் தூர்த்து வந்ததுதான். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஓர் ஏரிச் சேற்றிலிருந்து சுமார் 700 ஆண்டுப் பழைய டாப்னியா முட்டைகளைப் பொரிக்க வைத்திருக்கிறார்கள். அதனால் ரங்கநாதன் தெரு நெரிசலில் நசுங்கும்போதெல்லாம் காலடியில் யார் யார் உறங்குகிறார்களோ என்றுதான் எனக்கு யோசனை ஓடும். எங்கே பள்ளம் தோண்டினாலும் ஒரு பிடி மண் கேட்கக் கை துறுதுறுக்கும்.

அடையாறு கழிமுகத்தின் கணக்கு வேறு. அங்கே மழை உப்பையும் சேர்த்து மாற்றுகிறது. உப்பு தாங்கும் ரோட்டிஃபர்கள் சோறும் போடுகின்றன. ராஜா அண்ணாமலைபுரத்தில் தலைமையகம் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் முட்டுக்காட்டில் கொடுவாவைக் குஞ்சு பொரிக்க வைத்தது. கொடுவாக் குஞ்சின் முதல் உணவு ரோட்டிஃபர்தான்.

குளத்துக் காவலர் ஒருமுறை, "தீர்த்தமாம்மா?" என்றார். "இல்லண்ணே, பூச்சி பாக்க" என்றேன். "அதுக்கு எதுக்குக் கொளம்? எங்க வீட்டு டிரம்முலயே நெறய நெளியுது!" அவர் சொன்னது கொசுப்புழு. அதற்கும் என்னிடம் ஆள் இருக்கிறது: சைக்ளாப்ஸின் சொந்தமான மீசோசைக்ளாப்ஸ், டெங்கு கொசுவின் இளம் புழுவைத் தின்னும். வியட்நாமில் வீட்டுத் தொட்டிகளில் இதை விட்டே பல ஊர்களில் அந்தக் கொசுவை ஒழித்தார்கள். அதே குடும்பம்தான் நரம்புச் சிலந்திப் புழுவையும் ஒரு காலத்தில் நம் குடிநீரில் சுமந்து திரிந்தது. இந்தியா அதிலிருந்து விடுபட்டதென 2000இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் கிடைக்கும் மெல்லிய நைலான் துணி ஒரு துண்டு, கம்பி வளையம், பள்ளிக்கூட நுண்ணோக்கி, வேறு செலவில்லை. அந்தியில் போங்கள், பகலில் ஆழத்தில் பதுங்குபவை இருட்டினால் மேலே வரும். பிடித்ததைக் குழாய்த் தண்ணீரில் மட்டும் விட்டுவிடாதீர்கள், குளோரின் பட்டால் கதை முடிந்தது. குளத்து நீரிலேயே வைத்துப் பார்த்துவிட்டு, குளத்திலேயே ஊற்றிவிடுங்கள்.