ஹாஷிமோட்டோ: குரோசாவாவின் நிழலுக்கு வெளியே

ஷினோபு ஹாஷிமோட்டோ என்றாலே ‘குரோசாவாவின் எழுத்தாளர்’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். குரோசாவா இயக்கிய ‘ராஷோமான்’, ‘இகிரு’, ‘ஏழு சாமுராய்’ மூன்றிலும் அவர் பெயர் இருக்கிறதே, அது போதாதா என்கிறார்கள். போதாது. 1918இல் பிறந்து நூறு வயது வாழ்ந்த ஒரு பெரும் திரைக்கதையாசிரியரின் உழைப்பை அந்த அடைமொழி குறுக்கிவிடுகிறது. அவருடைய பலம் எது, அது எங்கே தீர்ந்துபோகிறது என்பதற்குப் படங்கள்தான் சாட்சி.

ராணுவத்தில் சேர்ந்த கையோடு காசநோய் வந்து சானடோரியத்தில் கிடந்தபோது, பக்கத்து நோயாளி கொடுத்த சினிமா இதழில் ஒரு திரைக்கதையைப் படித்துத்தான் அவருக்கு எழுதும் ஆசை பிறந்தது. எழுதியதை இயக்குநர் மன்சாகு இதாமிக்கு அனுப்பினார். இதாமி குறைகளைச் சுட்டிக்காட்டி வழிநடத்தினார். கண்டிப்பான ஒரு வாசகரின் முன்னால்தான் அவர் தொழில் கற்றார் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எழுத்தாளர் அகுதாகவாவின் ‘தோப்பில்’ கதையை யாரும் கேட்காமலே அவர் திரைக்கதையாக்கினார். அது படத்துக்குப் போதாத நீளம். குரோசாவாவின் கை சேர்ந்த பிறகே 1950இல் ‘ராஷோமான்’ வந்தது; அடுத்த ஆண்டு வெனிஸில் தங்கச் சிங்கம் வென்றது. ‘இகிரு’வில் நாயகன் பாதியில் இறந்துவிட, மீதிக் கதையைத் துக்க வீட்டில் கூடியவர்கள் பேசிப் பேசியே கட்டுகிறார்கள். ஹாஷிமோட்டோவின் முத்திரை என்று அதைச் சொல்லத் தோன்றும். ஆனால் நாயகனைப் பாதியிலேயே சாகவிட வேண்டும் என்றவர் உடன் எழுதிய ஹிடியோ ஒகுனி. ஆக, இந்தப் படங்களை மட்டும் வைத்து ஹாஷிமோட்டோவின் பங்கைப் பிரித்தெடுக்க முடியாது.

பிரித்துக் காட்டுவது 1962இல் மசாகி கோபயாஷி இயக்கிய ‘ஹரகிரி’. இதில் குரோசாவாவும் இல்லை, ஒகுனியும் இல்லை. யசுஹிகோ தகிகுச்சியின் கதை மட்டுமே கையில். பிழைப்பற்ற சாமுராய் ஒருவர் இயீ குலத்தின் மாளிகைக்கு வந்து, அங்கே வயிற்றைக் கிழித்துச் சாக அனுமதி கேட்கிறார். அவரை விரட்ட, முன்பு இப்படியே வந்த ஓர் இளைஞனின் கதையைக் காரியஸ்தர் சொல்கிறார். உண்மையான வாளை விற்றுவிட்டு மூங்கில் வாளோடு வந்தவன் அவன். அந்த மூங்கிலாலேயே அவனைச் சாகவைத்தார்கள். கேட்கும்போது நமக்கும் அவன் ஏமாற்றுக்காரனாகத்தான் தெரிகிறான். பிறகு அந்தச் சாமுராய் வாய் திறக்கிறார். இறந்தவன் அவருடைய மருமகன். நோயில் கிடந்த குழந்தைக்கு வைத்தியம் பார்க்கப் பணம் தேடிப் போனவன்.

‘அந்த நாள்’, ‘விருமாண்டி’ பார்த்த நமக்குப் பலர் வாயிலாக ஒரு கதை என்பது பழக்கமான வடிவம். ‘ராஷோமா’னில் வாக்குமூலங்கள் ஒன்றையொன்று அழிக்கின்றன. ‘ஹரகிரி’யில் இரண்டாவது வாக்குமூலம் முதலாவதில் சொன்ன எந்தச் சம்பவத்தையும் மறுப்பதில்லை, நியாயத்தை மட்டும் தலைகீழாக்குகிறது. சம்பவங்களை மாற்றாமல் தீர்ப்பை மாற்றுவது எத்தனை கடினம்! தனக்குத் துணையாக நின்று தலையை வெட்ட அந்தச் சாமுராய் கேட்கும் மூவரும் அன்று உடம்பு சரியில்லை என்று வராமலிருப்பதும், அதன் காரணம் கடைசியில் வெளிப்படுவதும் அந்தக் கட்டுமானத்தின் உறுதிக்குச் சான்று. குலத்தின் தினக்குறிப்பில் தொடங்கும் படம், அதே குறிப்பில் பொய் எழுதப்படுவதோடு முடிகிறது. ‘ஏழு சாமுராய்’ மூவரின் சாதனை. ஹாஷிமோட்டோவின் கணக்கில் நான் முதலில் வைப்பது ‘ஹரகிரி’யைத்தான்.

2006இல் வெளியான நினைவு நூலில் அவர் ஒரு வாதம் வைக்கிறார். ஒருவர் முதல் வரைவை எழுதி, மற்றவர்கள் அதோடு மோதித் திருத்திய காலத்தில் குரோசாவாவின் படங்கள் வலுவாக இருந்தன; எல்லோரும் உட்கார்ந்து நேரடியாக இறுதி வடிவத்தையே எழுதத் தொடங்கிய பிறகு தளர்ந்தன என்பது அது. அப்படி நேரடியாக எழுதப்பட்டும் வலுவாக நின்ற ‘சிலந்திக் கூட்டுக் கோட்டை’ (1957) இதற்கு இடிக்கிறதே என்று கேட்கலாம். அதற்கு ‘மேக்பெத்’ இருந்தது. ஷேக்ஸ்பியரே முதல் வரைவை எழுதிக் கொடுத்தது போலத்தான். மோதிப் பார்க்க ஏதோ ஒன்று முன்னால் இருக்க வேண்டும் என்ற மட்டில் அவர் வாதம் நிற்கிறது.

அந்த அளவுகோல் அவருக்கும் பொருந்தும். ‘மணல் பாத்திரம்’ (1974) படத்தில், செய்ச்சோ மட்சுமோட்டோவின் நாவல் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கும் தொழுநோயாளித் தந்தையும் மகனும் அலைந்த பயணத்தை, யோஜி யமடாவோடு சேர்ந்து அவர் நெடும் காட்சியாக்கினார். துப்பறிவாளரின் அறிக்கை, இசைக் கச்சேரி, அந்தப் பயணம் மூன்றும் பின்னிச் செல்கின்றன. இசை கண்ணீரைக் கொஞ்சம் அதிகமாகவே பிழிகிறது. ஆனாலும் அந்தப் பின்னல் குலையவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து வந்தது ‘மாய ஏரி’. கதை, இயக்கம் எல்லாம் அவரே. தன் நாயைக் கொன்றவனைப் பழிவாங்க ஓடும் பெண்ணின் கதை 164 நிமிடம் நீண்டு, எங்கெங்கோ சிதறி, தியேட்டரை விட்டு விரைவிலேயே போனது. எதிர்த்துக் கேட்க மூலக்கதையும் இல்லை, சக எழுத்தாளரும் இல்லை. பிறர் கதையின் உள்ளே ஒளிந்திருக்கும் வழக்கைக் கண்டெடுத்து விசாரிப்பதில் அவருக்கு நிகரானவர்கள் மிகக் குறைவு. தானே ஒரு கதையைப் பிறப்பிப்பதில் அவர் அந்த உயரத்தைத் தொடவில்லை.