க்னாப்பிக்ஸ்: வட்டிலிருந்தே இயங்கும் லினக்ஸ் - ஒரு மதிப்பீடு

க்னாப்பிக்ஸ் என்பது வன்தட்டில் நிறுவாமல், குறுவட்டிலிருந்தே நேரடியாக இயங்கும் லினக்ஸ் இயங்குதளம் ஆகும். ஜெர்மனியைச் சேர்ந்த பொறியாளர் கிளவுஸ் க்னாப்பர், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு இதனை உருவாக்கினார். இதன் முதல் பதிப்பு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இவ்வகை வட்டுகளை 'லைவ் சிடி' என்று அழைப்பர். கணினிக்குச் சேதமில்லாமல் லினக்ஸைப் பழகலாம், கணினியில் தடயம் எதுவும் தங்காது என்பவை இவற்றைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் இரண்டு பாராட்டுகள். அவை எந்த அளவுக்கு உண்மை என்பதை ஆராய்ந்தால்தான் மாணவர் ஒருவர் இவ்வட்டை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பது தெளிவாகும்.

பின்னணி

வட்டிலிருந்து லினக்ஸை இயக்கும் முயற்சியில் க்னாப்பிக்ஸ் முதலாவது அன்று. அமெரிக்காவின் இக்டிரசில் லினக்ஸ் 1990-களின் தொடக்கத்திலேயே இதைச் செய்துகாட்டியது. பிரான்சின் டெமோலினக்ஸ் அதன் பின் வந்தது. எனினும், எந்தக் கணினியில் இட்டாலும் பெரும்பாலும் கேள்வி கேட்காமல் திரை வரை கொண்டுசேர்த்த பெருமை க்னாப்பிக்ஸையே சாரும்.

அக்காலத்தில் லினக்ஸை நிறுவ வன்தட்டைப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். அதில் ஓர் எண்ணைத் தவறாகத் தட்டினால் வீட்டுக் கணக்கும் குடும்பப் படங்களும் ஒருசேர அழிந்துவிடும். வீட்டிற்கு ஒரே கணினி இருந்த நிலையில் எந்த மாணவரும் அத்துணிச்சலுக்கு இறங்க முடியாது. க்னாப்பிக்ஸ் அந்தத் தடையை நீக்கியது.

இயங்கும் விதம்

கணினி எந்தச் சாதனத்திலிருந்து முதலில் தொடங்க வேண்டும் என்பதை பயாஸ் அமைப்பில் மாற்றி, சிடியை முதலிடத்தில் வைக்க வேண்டும். பிறகு கருனி நினைவகத்தில் ஏறி, ஒலி அட்டை, திரை அட்டை, வலையமைப்பு அட்டை ஆகியவற்றைத் தானே கண்டறிந்துகொள்ளும்.

700 எம்பி கொள்ளும் ஒரு வட்டில் ஏறத்தாழ 2 ஜிபி மென்பொருள்கள் அடங்கின. சீலூப் என்னும் சுருக்க முறையே இதற்குக் காரணம். கோப்புகள் சுருங்கிய நிலையிலேயே வட்டில் இருக்கும். தேவைப்படும் பகுதி மட்டும் அவ்வப்போது விரிக்கப்படும்.

குறுவட்டில் எதையும் எழுத முடியாது. ஆகவே பயனர் செய்யும் மாற்றங்கள் யாவும் நினைவகத்தில் வைக்கப்படுகின்றன. 2005-இல் வந்த 3.8 பதிப்பில் யூனியன்எஃப்எஸ் சேர்க்கப்பட்டபின், வட்டிலுள்ள எந்தக் கோப்பையும் மாற்ற முடிவதுபோல் அமைந்தது. பாடநூலின் பக்கத்தின்மேல் கண்ணாடித்தாளை வைத்து எழுதுவதற்கு இதை ஒப்பிடலாம். தாளை எடுத்துவிட்டால் நூல் பழையபடியே இருக்கும்.

சிறப்புகள்

க்னாப்பிக்ஸின் முதன்மையான கொடை பிழை செய்யும் உரிமை. பயனர் முக்கியமான அமைப்புக் கோப்பு ஒன்றை அழித்து, என்ன ஆகிறது என்று பார்க்கலாம். இயங்குதளம் நிலைகுலைந்தால் கணினியை மறுபடி தொடங்கினால் போதும். தவறு செய்ய அஞ்சும் மாணவர் கட்டளைகளை மனப்பாடம் செய்வார். அஞ்சாதவர் அவற்றைப் புரிந்துகொள்வார்.

இரண்டாவது சிறப்பு மீட்புப் பணி. விண்டோஸ் தொடங்க மறுக்கும் கணினியில் வட்டை இட்டு, வன்தட்டிலுள்ள கோப்புகளைப் பென்டிரைவில் நகலெடுத்துவிடலாம். நடைமுறையில் பலருக்கு க்னாப்பிக்ஸ் அறிமுகமானதே இவ்வழியில்தான்.

மூன்றாவது, அதிகம் பேசப்படாத சிறப்பு. பார்வைக் குறைபாடு உடையோர் ஒலியின் துணையால் இயக்கத்தக்க ஏட்ரியான் என்னும் இடைமுகம் இவ்வட்டில் சேர்க்கப்பட்டது. பார்வைக் குறைபாடு உடைய தம் மனைவியின் பெயரையே க்னாப்பர் அதற்குச் சூட்டினார்.

குறைகள்

முதற்குறை வேகம். 48 மடங்கு வேக இயக்கி, மிகச் சிறந்த நிலையில், நொடிக்கு 7 எம்பி அளவே படிக்கும். கோப்பு தேடி வட்டின் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவ, வன்தட்டைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும். இதைக் கண்டு லினக்ஸே மெதுவானது என்று முடிவு செய்தவர்கள் உண்டு. அது இயக்கியின் மந்தத்தை இயங்குதளத்தின்மேல் சுமத்துவதாகும். 'டோராம்' என்னும் கட்டளையால் முழு வட்டையும் நினைவகத்தில் ஏற்றலாம். ஆனால் அதற்கு ஏறத்தாழ 1 ஜிபி நினைவகம் வேண்டும். 128 எம்பி, 256 எம்பி நினைவகமுள்ள கணினிகள் பரவலாக இருந்த காலத்தில் அது எட்டாக்கனி.

இரண்டாவது குறை மறதி. பிழையை அழிக்கும் அதே ஏற்பாடு உழைப்பையும் அழிக்கிறது. இன்று திருத்திய அமைப்பு நாளை இராது. பென்டிரைவில் சேமிக்கும் வழி பின்னர் தரப்பட்டது. எனினும் தொடக்கநிலைப் பயனர் பெரும்பாலும் முதல் கோப்பை இழந்த பிறகே அதைத் தேடிச் செல்வார்.

மூன்றாவது, வட்டு அது எழுதப்பட்ட நாளிலேயே உறைந்துவிடுகிறது. பின்னர் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அதில் திறந்தே இருக்கும்.

இதற்கு மாற்றாக க்னாப்பிக்ஸையே வன்தட்டில் நிறுவியவர்கள் வேறொரு சிக்கலைச் சந்தித்தனர். டெபியனின் வெவ்வேறு கிளைகளிலிருந்து எடுத்த தொகுப்புகள் அதில் கலந்திருந்ததால் மேம்படுத்தும்போது முரண்பாடுகள் எழுந்தன. ஓடிப் பார்க்க உகந்த ஒன்றை நிலையாகக் குடியமர்த்த முயன்றதன் விளைவு அது.

'தடயமின்மை' என்னும் கூற்று

மேற்கண்டவை வசதிக் குறைகள். இக்கூற்றோ நம்பிக்கை சார்ந்தது. வன்தட்டில் ஏற்கெனவே லினக்ஸின் இடமாற்றுப் பகுதி இருந்தால், க்னாப்பிக்ஸ் அதைத் தானாகவே பயன்படுத்திக்கொள்ளும். 'நோஸ்வாப்' என்று கட்டளையிட்டால்தான் தவிர்க்கும். எனவே நினைவகத்தில் இருந்தவற்றுள் சில வன்தட்டில் தங்கிவிட வாய்ப்புண்டு. வன்தட்டுப் பகுதிகளைப் படிப்பதற்கு மட்டும் திறப்பது அதன் இயல்புநிலை. இது பாராட்டத்தக்க எச்சரிக்கை. ஆனால் எழுதும் அனுமதியைப் பெற ஒரு சொடுக்கு போதும். அதன்பின் 'சேதமில்லை' என்னும் உறுதிமொழி செல்லாது.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. விண்டோஸின் நுழைவுக் கடவுச்சொல் விண்டோஸ் இயங்கும்போது மட்டுமே காவல் நிற்கிறது. வட்டிலிருந்து கணினியைத் தொடங்கியவருக்கு, மறையாக்கம் செய்யப்படாத எல்லாக் கோப்புகளும் திறந்த வீடு. மீட்புக்கு உதவும் அதே வழி களவுக்கும் உதவும். கல்லூரி ஆய்வகத்திலோ இணைய மையத்திலோ உரியவரின் அனுமதியின்றி இவ்வட்டைப் பயன்படுத்துவது பிறர் அலமாரியைத் திறப்பதற்கு ஒப்பாகும். லைவ் சிடியைக் கற்பிப்போர் முதல் பாடத்திலேயே இதைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான அறிமுகங்கள் இதைச் சொல்லாமல் கடந்துவிடுகின்றன.

தொடர்ச்சி

க்னாப்பிக்ஸ் காட்டிய வழியைப் பிறர் விரிவாக்கினர். 2006-இல் வந்த உபுண்டு 6.06, முயன்று பார்க்கும் வட்டையும் நிறுவும் வட்டையும் ஒன்றாக்கியது. ஆஸ்திரேலியாவின் பேரி காலர் உருவாக்கிய பப்பி லினக்ஸ், முழுவதும் நினைவகத்திலேயே இயங்கும் அளவுக்குச் சிறியது. டெயில்ஸ் தடயமின்மையையே நோக்கமாகக் கொண்டு, வன்தட்டின் இடமாற்றுப் பகுதியையும் தொடாமல் விடுகிறது. இன்று மடிக்கணினிகளில் சிடி இயக்கியே அரிது; அந்த இடத்தைப் பென்டிரைவ் பிடித்துக்கொண்டது.

மதிப்பீடு

க்னாப்பிக்ஸை அன்றாட இயங்குதளமாக எடைபோட்டால் குறைகளே மிகும். முதல் பாடமாகவும் மீட்புக் கருவியாகவும் எடைபோட்டால் அதன் இடம் உறுதியானது. சொந்தக் கணினியை இழக்கும் அச்சமின்றி ஓர் இயங்குதளத்தைத் திறந்து பார்க்கும் வாய்ப்பை அது சாதாரண மாணவருக்கும் தந்தது. அதை இயக்கிப் பார்க்கும் மாணவர் இரண்டைக் கற்றுக்கொள்ள வேண்டும்: தம் கணினியில் அஞ்சாமல் பிழை செய்வது, பிறர் கணினியில் அனுமதியின்றிக் கைவைக்காமல் இருப்பது.