காற்றும் கள்ளக் குரலும்

அமெரிக்காவின் மேற்குச் சமவெளிகளில், வையோமிங், நெப்ராஸ்கா, கான்சாஸ் முதலிய மாநிலங்களின் பரந்த மேய்ச்சல் நிலங்களில், குளிர்காலத்து விடியற்போதில் ஒரு புதரின் நிழலில் அசைவின்றி அமர்ந்து, பிடிபட்ட முயல் கதறுவதைப் போன்றதோர் ஒலியைச் சிறு குழலில் ஊதி எழுப்பி, அதை மெய்யென்று நம்பி இரை தேடி வரும் கயோட்டியைச் சுடுகிற வேட்டைமுறை வழக்கத்தில் இருக்கிறது. மானைப் பிடிக்கப் பழகிய மானையே காட்டில் நிறுத்தும் உத்தியைப் 'பார்வை' என்று நம் முன்னோர் அழைத்தனர்; அங்கே கண்ணுக்கு வைத்த பொறி, இங்கே செவிக்கு வைக்கப்படுகிறது. இம்முறையைப் புதிதாகக் கற்க வருபவன் காற்று மிகுந்த நாளிலும் அதைக் கையாளலாமா என்பதே இக்கட்டுரையின் விசாரணை. சமவெளியில் காற்றில்லாத நாளுக்காகக் காத்திருப்பவன் பல வாரங்கள் வீட்டிலேயே இருக்க நேரிடுமாதலால், இது வீண் கேள்வி அன்று.

கயோட்டி நம் நரியைவிடப் பெரியது, ஓநாயைவிடச் சிறியது. 1804-இல் மேற்கு நோக்கிப் பயணப்பட்ட லூயிஸ், கிளார்க் குழுவினர் இதைப் புல்வெளி ஓநாய் என்று குறித்தனர்; 1823-இல் தாமஸ் சே என்ற இயற்கை நூலறிஞர் 'குரைக்கும் நாய்' என்று பொருள்படும் கேனிஸ் லாட்ரன்ஸ் என்ற பெயரைச் சூட்டினார். கயோட்டி என்ற சொல்லோ மெக்சிகோவின் பூர்வகுடிகள் பேசும் நாவாட்டில் மொழியிலிருந்து ஸ்பானிய மொழி வழியாக வந்தது. ஓநாய்கள் பெரும்பாலான பிரதேசங்களிலிருந்து அழிக்கப்பட்ட பின்னர், இம்மிருகம் அழியாதது மட்டுமன்றிக் கண்டத்தின் கிழக்குக் கரை வரையிலும் பரவிற்று. பொறிக்கும் நஞ்சுக்கும் துப்பாக்கிக்கும் ஒரு நூற்றாண்டாக ஈடுகொடுத்து வாழ்ந்திருக்கும் ஒரு பிராணியின் புத்தியை எதிர்த்துத்தான் புதியவன் தன் குழலோடு உட்காருகிறான் என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

குரல் வேட்டையின் சிறப்பைச் சொல்லாமல் அதன் குறைகளைப் பேசுவது நியாயமாகாது. ஆட்டுப்பண்ணைகளைக் காப்பதற்காக ஒரு காலத்தில் இச்சமவெளிகளில் '1080' என்னும் கொடிய நஞ்சு தடவிய இறைச்சியைத் தூவி வந்தார்கள். அதைத் தின்ற கழுகும் நாயும் கயோட்டியோடு சேர்ந்தே மடிந்தன. 1972-இல் குடியரசுத் தலைவர் நிக்சன் கூட்டரசின் நிலங்களில் இத்தகைய நஞ்சுப் பிரயோகத்தைத் தடுத்து ஆணை பிறப்பித்தார். பிற்காலத்தில் அத்தடை தளர்ந்தது வேறு கதை. நஞ்சு ஆளறியாது, குழல் ஊதுபவனோ தன் கண்முன் வந்து நிற்பது இன்னதென்று தெளிந்த பிறகே விசையில் விரல் வைக்கிறான். அன்றியும், மிருகத்தை நெடுந்தூரத்தில் வைத்துச் சுடாமல் அருகே வரவழைத்துச் சுடுவதால், ஒரே குண்டில் துன்பமின்றி முடிவதற்கு இடமுண்டு. இவ்விரண்டு குணங்களுக்காகவே நான் இம்முறையை மதிக்கிறேன். காற்று அடிக்கும் நாளில் இவ்விரண்டும் என்னவாகின்றன என்பதே பார்க்க வேண்டியது.

காற்றுக்கு எதிராகக் கூப்பிட்டால் குரல் கேளாது என்பது பொது அனுபவம். காற்று ஒலியைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது என்று அதற்குக் காரணம் கற்பிப்பது பிழை. மணிக்கு 700 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் விரையும் ஒலியை 20 மைல் வேகக் காற்று என்ன செய்துவிட முடியும்? உண்மைக் காரணம் வேறு. புல்லிலும் புதரிலும் உராய்வதனால் நிலத்தை ஒட்டிய காற்று மெதுவாகவும், மேலே செல்லச் செல்ல வேகமாகவும் வீசுகிறது. இவ்வேறுபாட்டினால், காற்று செல்லும் திசையில் பரவும் ஒலி தரையை நோக்கி வளைந்து இறங்குகிறது. எதிர்த்திசையில் செல்வதோ மேல்நோக்கி வளைந்து வானத்தில் போய்விடுகிறது. காற்று வரும் பக்கத்தில் சிறிது தூரத்துக்கு அப்பால் நிலத்தின்மேல் ஒலியின் நிழல் விழுகிறது. அந்நிழலுக்குள் படுத்திருக்கும் கயோட்டிக்கு முயலின் கதறல் எட்டுவதே இல்லை. போதாதற்கு முயலின் குரல் கீச்சென்ற உயர்ந்த சுருதியுடையது. உயர்ந்த சுருதி இயல்பாகவே விரைவில் தேய்வது. எஞ்சியதையும் காய்ந்த புல்லின் சலசலப்பு மூடிவிடுகிறது.

இங்கேதான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. குரல் நன்றாகச் சென்றடைவது காற்று போகும் பக்கம். மனித வாடை சென்றடைவதும் அதே பக்கம். எந்தக் கயோட்டிக்கு அழைப்பு மிகத் தெளிவாகக் கேட்கிறதோ, அதே கயோட்டிக்குத்தான் அழைத்தவனுடைய வியர்வையும் தோலாடையும் துப்பாக்கி எண்ணெயும் மணக்கின்றன. எதிர்ப்பக்கத்திலோ வாடை போகவில்லை, குரலும் போகவில்லை. 'காற்று முகத்தில் அடிக்கும்படி உட்கார், எதிரே நோக்கி ஊது' என்று ஆரம்பசாதகனுக்கு ஓதப்படும் உபதேசம், இளங்காற்றில் சரியாயிருப்பதும், பலத்த காற்றில் பொய்த்துப்போவதும் இதனால்தான். அவன் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கிறான். முன்னால் எவரும் கேட்கவில்லை. கேட்டவை எல்லாம் அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கின்றன.

ஆயினும் காற்றை முழுவதும் பகையென்று தள்ளிவிடுவதற்கில்லை. அசைவற்ற விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்குவதும், வெயில் ஏறியதும் மேலே எழுவதுமாக வாடை எப்பக்கம் போகும் என்று நிச்சயிக்க முடியாதிருக்கும். ஒரே திசையில் நின்று வீசும் மிதமான காற்றில் அந்த ஐயம் தீர்கிறது. நடக்கும்போது காலடியில் முறியும் சுள்ளியின் ஓசையையும், துப்பாக்கியைத் தூக்கும் அசைவையும் ஆடும் புல் மறைத்துக்கொடுக்கிறது. கயோட்டிகளும் அந்நாளில் எங்கும் சிதறியிராமல் குன்றின் ஒதுக்குப்புறத்திலும் ஓடைப் பள்ளங்களிலும் காற்றுக்கு ஒதுங்கிப் படுத்திருப்பதால், தேட வேண்டிய இடம் சுருங்குகிறது. அவ்விடங்களை அறிந்தவனுக்கு இது பெரிய அனுகூலம். அறியாதவனுக்கு இது அனுகூலமே அன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தேர்ந்தவர்கள் கையாளும் பரிகாரம், காற்றை முகத்திலும் முதுகிலும் வாங்காமல் கன்னத்தில் வாங்கிக்கொண்டு உட்காருவது. அழைப்பைக் கேட்ட கயோட்டி நேரே வராமல், ஒலியைச் சுற்றி வளைத்துக் காற்று போகும் பக்கம் சென்று மோப்பம் பிடித்துத் தெளிய முயலும் சுபாவமுடையது. அந்த வளைவு நடக்கப்போகும் நிலம் வெட்டவெளியாகவும் தன் பார்வைக்குள்ளும் இருக்கும்படி இடம் தேர்ந்தால், மோப்பம் கிட்டுவதற்கு முன்பே அது கண்ணில் பட்டுவிடும். தூரத்திலிருந்து இயக்கும் மின்னொலிக் கருவிக்குச் சட்டம் இடங்கொடுக்கும் மாநிலங்களில், கருவியைச் சில பத்துக் கஜம் விலக்கிக் காற்று வரும் பக்கமாக வைத்துவிட்டால் மிருகத்தின் கவனமும் ஆளைவிட்டு விலகும். ஒலி குறைந்த தூரமே செல்லுமாதலால் ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறைத்துக்கொள்வதும் நல்ல யுக்தியே. ஆனால் இவையெல்லாம் நிலத்தை முன்கூட்டியே நடந்து படித்தவனுக்குரிய சாதுரியங்கள். முதல் மாதத்தில் எவனுக்கும் அந்தப் படிப்பு வாய்ப்பதில்லை.

சுடுவதைப் பற்றி நான் சமாதானம் சொல்ல விரும்பவில்லை. இவ்வேட்டையில் பெருவழக்காயுள்ள .223 துப்பாக்கியின் இலேசான குண்டை, மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று 200 கஜத்தில் ஏறக்குறைய 4 அங்குலம் ஒதுக்கிவிடும். காற்றின் வேகம் இரட்டித்தால் ஒதுக்கமும் இரட்டிக்கும். அடர்ந்த மயிருக்குள்ளே கயோட்டியின் உடல் தோன்றுவதைவிட மிகச் சிறியது. கன்னத்தில் காற்றை வாங்கி உட்காரும் பரிகாரமே, பெரும்பாலும் குண்டுக்குக் குறுக்குக் காற்றை உண்டாக்குகிறது என்பதையும் கவனிக்க. விலாவில் சிதறிய குண்டோடு பள்ளத்துக்குள் ஓடி மறையும் மிருகத்துக்கு நாம் சொல்லும் பதில் என்ன? குரல் வேட்டையின் கௌரவம் என்று முன்னே நான் கூறிய அந்த ஒரே குண்டு, புதியவன் கையில் பலத்த காற்றில் நிச்சயமற்றதாகிறது. 100 கஜத்துக்கு அப்பால் சுடுவதில்லை என்று அவன் தனக்குத்தானே விதித்துக்கொள்ள வேண்டும். துப்பாக்கியை நிலையாகப் பிடிக்க முடியாத அளவு காற்று வலுத்தால் எழுந்துவிட வேண்டும்.

இவற்றைவிட ஆழ்ந்த குறை ஒன்றுண்டு. காற்றில்லாத காலையில் பிழை செய்தவன் அப்பிழையைக் காண்கிறான்: கயோட்டி வருகிறது, நிற்கிறது, கண்டுகொள்கிறது, ஓடுகிறது. பலத்த காற்றில் அவன் 20 நிமிடம் ஊதிவிட்டு, இங்கே ஒன்றுமில்லை என்று எழுந்து போகிறான். பின்புறத்தில் ஒன்று வந்து, வாடையை அறிந்து, திரும்பிப் போயிருக்கலாம். முயலின் கதறலும் மனித வாடையும் சேர்ந்தே இருக்கும் என்று அது ஒரே காலையில் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை அக்குரலுக்கு அது வருவது அரிது. அவனோ ஒன்றும் கற்கவில்லை. அனுபவம் என்பது பிழையைக் காண்பதனால் வளர்வதாயின், இத்தகைய நாள் அவனுக்கு அனுபவமே அன்று. ஆகையால், தொடக்கத்தில் மணிக்கு 15 மைலுக்கு மேல் காற்று வீசும் நாட்களில் குழலைப் பையிலேயே வைத்துவிட்டு, ஒதுக்குப் பள்ளங்களை நடந்து பார்ப்பதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

அதற்கு மனமில்லாமல் உட்கார்ந்தேதான் தீருவேன் என்பவன், ஊதி முடித்தவுடன் வண்டியை நோக்கி நடவாமல், காற்று போகும் பக்கமாக 200, 300 கஜம் நடந்து பனியையும் ஈரமண்ணையும் குனிந்து பார்க்கட்டும். தாமதித்தால் ஓடும் பனித்தூள் தடத்தை மூடிவிடும். நாயின் அடியைவிட ஒடுங்கி நீண்ட தடம் நேராக வந்து, ஓரிடத்தில் நான்கு பாதங்களும் அழுந்த நின்று, அங்கிருந்து நீண்ட தாவல்களில் திரும்பிப் போயிருந்தால், அந்த இடத்திலிருந்து தான் உட்கார்ந்திருந்த புதரை ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும்.